அப்பா கொடுத்த வாக்கு என்னைக் கட்டுமா?

தாழ்வாரம் எழுதியது:

நண்பர்களே, இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. நேரில் யாரிடமும் பேச முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

பாட்டி படுக்கையில் விழுந்த கடைசி ஆறு ஆண்டுகளும் ஓர் அம்மாதான் அவரைப் பார்த்துக்கொண்டார். உறவுக்காரர் அல்லர், சம்பளத்துக்கு வந்தவர். ஆனால் அவர் செய்ததைச் சம்பளக் கணக்கில் அடக்க முடியாது. பாட்டி போனபின் அந்த அம்மாவுக்குப் போக்கிடம் இல்லை. வீட்டின் பின்பக்க அறையை அப்பா அவருக்குக் கொடுத்தார். "உங்கள் காலம் உள்ளவரை இது உங்கள் இடம், யாரும் எழுப்ப மாட்டார்கள்" என்று அப்பா சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். எழுத்தில் எதுவும் கிடையாது.

பாட்டியைத் தூக்கித் தூக்கியே அவருடைய வலது தோள் போய்விட்டது. கையை மேலே உயர்த்த முடியாது. அதற்காக அப்பா ஆள் வரவழைத்து, அந்த அறையின் விளக்குச் சுவிட்சை இடுப்பளவு உயரத்துக்கு இறக்கிப் பொருத்தினார். பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் பூசிய சிமெண்ட் இன்றைக்கும் தனி நிறமாகத் தெரியும்.

அப்பா போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வீட்டை வாங்க ஒருவர் வந்திருக்கிறார். நல்ல விலை தருகிறார். வீடு காலியாக இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. அண்ணன்கள் இருவரும் சம்மதித்துவிட்டார்கள், என் கையெழுத்துதான் பாக்கி. பெரிய அண்ணன் கெட்டவர் அல்லர். "நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்துச் சேர்ப்போம், மாதாமாதம் நானே கட்டுகிறேன். அப்பா இருந்திருந்தால் அவரும் இதைத்தான் செய்திருப்பார்" என்கிறார். எனக்கும் கழுத்தளவு கடன் இருக்கிறது. என் பங்கு வந்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

வீடு பார்க்க வந்தவர் அந்தச் சுவிட்சைப் பார்த்து, "இது குழந்தைகள் அறையா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வாக்குக் கொடுத்தவர் அப்பா, நான் அல்ல. அது என்னைக் கட்டுமா?

---

கணக்கன் எழுதியது:

கட்டாது என்பதே என் கருத்து. கொடுத்தவரோடு வாக்கு முடிகிறது. கடன் வைத்துவிட்டு ஒருவர் இறந்தால்கூட, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளைகளிடம் கேட்க முடியும். வாய்வார்த்தை அதைவிடக் கனமானதா?

உங்கள் அண்ணன் அந்த அம்மாவைத் தெருவில் விடச் சொல்லவில்லை. மருத்துவ வசதி உள்ள இடத்தில் சேர்க்கச் சொல்கிறார். ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். குற்ற உணர்வை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள், பிறகு குடும்பமே உடையும். என் வீட்டில் அப்படி உடைந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

---

மாலைவெயில் எழுதியது:

மூத்தவர்கள் வைத்துவிட்டுப் போன எல்லாவற்றையும் சுமந்தே ஆகவேண்டும் என்று யாராவது சொல்ல வருவதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா தன் தம்பி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். காரணம் ஒரு சுவர். அப்பா அதைக் காத்தார், நாங்களும் காத்தோம். எதிரெதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்ளவேண்டும் என்பது எனக்கு எழுத்துக்கு முன்பே கற்பிக்கப்பட்ட பாடம். நாற்பதாவது வயதில் ஒரு நாள் மாலை நான் அந்த வாசல்படியில் ஏறினேன். உள்ளே இருந்த அத்தைக்குக் கண் தெரியாது. காலடிச் சத்தத்தைக் கேட்டு, "பெரியப்பா நடை மாதிரி இருக்கிறதே, யார்?" என்றார். இரண்டு பேரும் அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

நான் செய்தது வாக்குத் தவறுதல் என்றால், அதை இன்னும் முன்பே தவறியிருக்கவேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

---

ஏடுபடிப்பவர் எழுதியது:

தாழ்வாரம், உங்கள் கேள்வியைப் படித்ததும் எரேமியா புத்தகத்தின் 35ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. விவிலியம் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேகாபியர் என்று ஒரு குலம். அவர்களுடைய மூதாதை யோனதாப். யெகூ என்ற அரசனின் தேரில் ஏறி உடன்சென்றவராக 2 இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில் வருகிறார். கி.மு. 841 வாக்கில். தன் மக்களுக்கு அவர் வைத்த கட்டளை: திராட்சரசம் குடிக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, விதை விதைக்கக் கூடாது, திராட்சைத் தோட்டம் போடக் கூடாது, வாழ்நாளெல்லாம் கூடாரத்தில் வசிக்கவேண்டும்.

எரேமியா அதிகாரம் நடப்பது யோயாக்கீம் அரசன் காலத்தில், அதாவது கி.மு. 609க்கும் 598க்கும் இடையில். யோனதாபுக்குப் பிறகு 230 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. அவருடைய முகத்தைப் பார்த்தவர்களோ குரலைக் கேட்டவர்களோ அப்போது யாரும் இல்லை.

அந்தக் குலத்தார் அனைவரையும் எரேமியா எருசலேம் ஆலயத்துக்குள், ஒரு தேவமனிதரின் மக்களுக்கு உரிய அறைக்கு அழைத்துவருகிறார். பக்கத்து அறை பிரபுக்களுடையது. ரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் அவர்கள் முன்னால் வைத்து, "குடியுங்கள்" என்கிறார்.

சோதனை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சாராயக் கடையிலோ கெட்ட சகவாசத்திலோ இருந்து அல்ல. இடம் ஆலயம், ஊற்றுகிறவர் தீர்க்கதரிசி. அவர்கள் மதத்தில் மதுவை விலக்கும் பொதுச்சட்டமும் கிடையாது, ஆலயப் பலிகளிலேயே திராட்சரசம் வார்க்கப்பட்டது. மறுப்பது பெரியவரை அவமதிப்பதாகக்கூடத் தோன்றியிருக்கும். ஒரு வாய் குடித்தால் குறை சொல்ல அங்கே எவரும் இல்லை. அவர்கள் குடிக்கவில்லை. எங்கள் தகப்பன் யோனதாப் இப்படிக் கட்டளையிட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். 230 ஆண்டுகளுக்கு முன் இறந்தவரை 'எங்கள் தகப்பன்' என்கிறார்கள்.

உங்கள் அண்ணன் சொன்ன "அப்பா இருந்திருந்தால்" என்ற வார்த்தையில்தான் எனக்கு இந்த அறை தெரிகிறது. மரியாதையான இடம், நல்ல மனிதர், நியாயமான பேச்சு. நம்மைப் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான் நகர்த்துகின்றன.

---

கணக்கன் எழுதியது:

ஏடுபடிப்பவருக்கு: நீங்கள் குறிப்பிட்ட அதிகாரத்தை இப்போதுதான் எடுத்து முழுவதும் படித்தேன். ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த மக்கள் எருசலேம் நகரத்துக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கூடாரத்தில் வாழவேண்டியவர்கள் கோட்டைச் சுவருக்குள் வந்துவிட்டார்களே! கட்டளையின் ஒரு பாதியைக் காற்றில் விட்டவர்களை எப்படி முன்மாதிரி என்கிறீர்கள்? காலம் மாறும்போது அவர்களும் மாறினார்கள் என்றுதானே இதற்கு அர்த்தம்? தாழ்வாரமும் மாறலாம்.

---

ஏடுபடிப்பவர் எழுதியது:

கணக்கன், மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நான் அவசரத்தில் தாண்டிப்போனது உண்மை.

அதே அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில் அவர்களே காரணத்தைச் சொல்கிறார்கள். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் படையெடுத்து வந்தபோது, கல்தேயர் (பாபிலோனியர்) படைக்கும் சீரியர் படைக்கும் தப்ப எருசலேமுக்கு வந்தோம் என்கிறார்கள். இதை மறைக்கவில்லை, 'யோனதாப் இருந்திருந்தால் வீடுதான் கட்டியிருப்பார்' என்று அவர் வாயில் வார்த்தையைத் திணிக்கவும் இல்லை. கட்டளை இது, நாங்கள் செய்தது இது, காரணம் இது. அவ்வளவுதான். படை வந்தபோது வெட்டவெளியை விட்டார்கள், கிண்ணம் வந்தபோது எதையும் விடவில்லை. முதலாவதில் உயிர் போகும். இரண்டாவதில் போவது ஓர் இனிய மாலைப்பொழுது.

இந்த வித்தியாசம் அந்தப் புத்தகம் அடுக்கப்பட்ட முறையிலேயே இருக்கிறது. 35க்கு முந்திய 34ஆம் அதிகாரம் காலத்தால் பிந்தியது. சிதேக்கியா அரசன் ஆட்சி, நகரத்தைப் பாபிலோன் படை சூழ்ந்திருக்கிறது. எபிரெய அடிமைகளை ஏழாம் ஆண்டில் விடுவிக்கவேண்டும் என்பது முன்னோர் காலத்து உடன்படிக்கை, தலைமுறைகளாக மீறப்பட்டு வந்தது. முற்றுகையின் பயத்தில் எல்லோரும் கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து அதன் நடுவே நடந்து, அடிமைகளை விடுவிப்பதாக உறுதி எடுத்தார்கள், விடுவித்தும் விட்டார்கள். பாபிலோன் படை சற்றே பின்வாங்கியதும் அதே மனிதர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கினார்கள். அவர்களை எந்தப் படையும் துரத்தவில்லை. பயம் போனதும் வசதி ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்த 36ஆம் அதிகாரத்தில் யோயாக்கீம் குளிர்கால மாளிகையில் கணப்பின் முன் உட்கார்ந்துகொண்டு, எரேமியாவின் சுருளை வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிண்ணத்தைத் தொடாத அந்தக் குலம் நிற்கிறது. தொகுத்தவர் யாரோ, நன்றாகத் தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்.

எனக்கு எதிரான சான்றையும் நானே தந்துவிடுகிறேன். பாபிலோன் இடித்த எருசலேம் மதிலைக் கி.மு. 445இல் நெகேமியா என்ற யூதத் தலைவர் பழுதுபார்த்தபோது குப்பைமேட்டு வாசலுக்குக் கதவு போட்டவர் ரேகாபின் குமாரன் மல்கியா. அதே குலம்தான் என்று விவிலியம் சொல்லவில்லை. அதே குலம் என்றால், கூடாரத்து மக்களில் ஒருவர் நகர வாசல் கட்டியிருக்கிறார். அவர் ஆண்ட வட்டாரமான பெத்கேரேம் என்ற பெயருக்கே திராட்சைத் தோட்ட வீடு என்று பொருள். அதற்கும் பல நூற்றாண்டுகள் பின்பு தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூலில், ஆலயப் பலிபீடத்துக்கு விறகு கொண்டுவரும் குடும்பங்களின் பட்டியல் வருகிறது. யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 7ஆம் நாள் யோனதாப் மக்களுடையது. கூடாரம் போயிருக்கலாம். தகப்பன் பெயரும், தோளில் ஒரு சுமை விறகும் மிஞ்சியிருக்கின்றன.

தாழ்வாரம், உங்கள் கடன் படையா, கிண்ணமா? இது உங்களுக்குத்தான் தெரியும். படை என்றால் படை என்று வாய்விட்டுச் சொல்லலாம், அதில் அவமானம் இல்லை.

---

பழைய வாசகன் எழுதியது:

வால்மீகி ராமாயணத்தில் ஜாபாலி என்ற அந்தணர் காட்டில் ராமனிடம் பேசும் இடத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தசரதன் இறந்துவிட்டான், இறந்தவனோடு உனக்கு என்ன உறவு, நாடு காத்திருக்கிறது, திரும்பி வா என்று வாதாடுகிறார். கைகேயிக்கு வாக்குக் கொடுத்தவனும் தசரதன்தான். வாக்கைக் கேட்டு வாங்கியவளின் மகனான பரதனே வேண்டாம் என்று காலில் விழுகிறான். வாதத்தில் ஜாபாலியை வெல்வது கடினம். ராமன் கோபப்படும் மிகச் சில இடங்களில் அது ஒன்று.

---

நான்காம் தலைமுறை எழுதியது:

எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா குடியால் ஒரு பிள்ளையை இழந்தவர். என்ன நடந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். அன்று முதல் நாங்கள் யாரும் தொடுவதில்லை. எனக்குக் குடிப்பழக்கம் வரும் என்ற பயம் கிடையாது. அந்தக் குழந்தையின் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள்.

போன ஆண்டு, என்னை வேலையில் கைதூக்கிவிட்ட பெரியவர் ஓய்வுபெற்றார். விருந்தில் அவரே தன் கையால் ஊற்றி என் முன்னால் ஒரு கோப்பையை வைத்தார். "எனக்காக ஒரே ஒரு மடக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. கோப்பையின் வெளிப்புறம் வியர்த்து மேசைவிரிப்பில் ஒரு வளையம் படிந்துகொண்டிருந்தது. நான் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பன்னிரண்டு பேர். பிறகு எழுந்து, அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தையின் கதையைச் சொன்னேன். வெளியார் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். விருந்து முடியும்வரை என் பக்கத்து நாற்காலியைவிட்டு எழவில்லை.

எங்கள் வீட்டில் கதையை மறைத்து விலக்கை மட்டும் சொல்லித்தந்த ஒரு கிளை உண்டு. அங்கே பிள்ளைகள் ஒருவர்கூட அதைக் காக்கவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. காரணம் தெரியாத விலக்கு வெறும் தடையாகத்தான் தெரியும்.

1835இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் மது தொடுவதில்லை என்று உறுதி எடுத்தவர்கள் சேர்ந்து ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயரே ரேகாபியர் சங்கம். கிளைகளைக் கூடாரம் என்றுதான் அழைத்தார்கள். உறுப்பினர் நோயில் விழுந்தாலும் இறந்தாலும் சங்கம் பணம் கொடுத்தது. தனியாக ஒருவன் வாக்கைச் சுமப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

---

மாலைவெயில் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். கொள்ளுத்தாத்தாவின் வாக்கையும் என் தாத்தாவின் சத்தியத்தையும் ஒரே தட்டில் வைக்க மனம் வரவில்லை. தாத்தாவின் சத்தியத்தால் எவருக்கும் ஒரு நிழல்கூடக் கிடைக்கவில்லை. அதன் மறுமுனையில் கண் தெரியாத அத்தை தனியாக உட்கார்ந்திருந்தார். தாழ்வாரம், உங்கள் அப்பா வாக்கின் மறுமுனையில் அந்த அம்மா இருக்கிறார். வாக்கு உடைந்தால் அவர் கீழே விழுவார். இதை வைத்துத்தான் நான் பிரித்துப் பார்க்கிறேன். முதலில் எழுதியது உங்களைக் கையெழுத்துப் பக்கம் தள்ளியிருந்தால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

---

ஏடுபடிப்பவர் எழுதியது:

மாலைவெயில், மறுமுனையில் யார் என்று கேட்டீர்களே, அதற்காகவே இன்னொன்று.

இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா காலத்தில், பக்கத்து ஊராரான கிபியோனியர் பழைய கோணிகளோடும் காய்ந்து பூசணம் பூத்த அப்பத்தோடும் வந்து, தூர தேசத்தார் என்று ஏமாற்றி உடன்படிக்கை வாங்கினார்கள். மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது. ஆனாலும் ஆணையிட்டாயிற்று என்று தலைவர்கள் அவர்களைக் கொல்லவிடவில்லை, விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்துக்கொண்டார்கள். பிறகு ஐந்து அரசர்கள் கிபியோனைத் தாக்கியபோது யோசுவா கில்காலிலிருந்து இரவு முழுவதும் நடந்து போய்க் காப்பாற்றினார். ஏமாற்றி வாங்கிய வாக்குக்காக ஓர் இரவு நடை!

தலைமுறைகள் கழித்துச் சவுல் அரசன் அந்தக் கிபியோனியரை அழிக்கப் பார்த்தான். 2 சாமுவேல் 21ஆம் அதிகாரம் அதற்குச் சொல்லும் காரணம் இஸ்ரவேல், யூதா மக்கள்மேல் அவனுக்கிருந்த வைராக்கியம். பேராசை என்று சொல்லவில்லை. நம் மக்களுக்காக, நம் பிள்ளைகளுக்காக என்பதுதான் அது. அதன் விலையைக் கொடுத்தவன் சவுல் அல்ல. அவனுக்குப் பின் அரசனான தாவீது காலத்தில் மூன்று ஆண்டுப் பஞ்சம் வந்தது, அந்தப் பழிக்கு ஈடாகச் சவுலின் சந்ததியில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவரின் தாய் ரிஸ்பாள் பாறைமேல் இரட்டுத்துணியை விரித்து, அறுப்புக்காலத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் பிணங்களை அண்டாமல் காத்துக்கொண்டிருந்தாள். அந்த வசனத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை. அந்த ஏழு பேரில் சேராமல் தப்பிய பேரன் மேவிபோசேத். அவனுடைய தகப்பன் யோனத்தானுக்குத் தாவீது முன்பே ஆணையிட்டுக் கொடுத்திருந்தான். யோனத்தான் அப்போது உயிரோடு இல்லை.

---

கணக்கன் எழுதியது:

என் வாதத்தை முழுவதும் விடவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. இத்தனை பதிவுகளில் நான் உட்பட யாருமே, அந்த அம்மாவிடம் பேசினீர்களா என்று தாழ்வாரத்திடம் கேட்கவில்லை. பேசினீர்களா?

---

தாழ்வாரம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவேண்டும்.

கணக்கன், இல்லை, பேசியிருக்கவில்லை. உங்கள் பதிவைப் படித்த மறுநாள் காலை போனேன். விவரம் அனைத்தையும் அவர் முன்பே அறிந்திருந்தார். வீடு பார்க்க வந்தவர்கள் பேசியது சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. துணிகளை ஒரு பையில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

"போகச் சொன்னால் போகிறேன் தம்பி, வழக்குப் பேசமாட்டேன்" என்றார். நான் கடனைச் சொன்னேன், அண்ணன் சொன்ன முதியோர் இல்லத்தைச் சொன்னேன். கடைசியில் எனக்குள் இருந்ததையும் சொல்லிவிட்டேன்: "வாக்குக் கொடுத்தது அப்பாதானே அம்மா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா சொன்னதில் பாதியைத்தான் நீங்கள் நினைவு வைத்திருக்கிறீர்கள்" என்றார். "'என் பிள்ளைகளும் அப்படியே நடப்பார்கள்' என்று சொல்லிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் தலையாட்டினீர்கள் தம்பி."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆட்டியிருப்பேன். அவர் பொய் சொல்பவர் அல்லர். இத்தனை ஆண்டுகள் நான் பக்கத்தில் வெறுமனே நின்றதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே அண்ணன்களிடம் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கடன் படை அல்ல என்பதையும் சொன்னேன். அது நானாகச் செய்த செலவு, தவணை கட்டித் தீர்க்கக்கூடியதுதான். பெரிய அண்ணன் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் வந்து அந்த அறையில் அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்தவர், "எழுதியே வைத்துவிடுவோம், நாளைக்கு நமக்குப் பின்னால் இதே கேள்வி வரக் கூடாது" என்றார். அந்த அம்மாவின் ஆயுள் உள்ளவரை அந்த அறை அவருக்கு என்று மூவரும் கையெழுத்திட்டோம். சாட்சிக் கையெழுத்து என் மகளுடையது. ஏன் என்று கேட்டாள், அந்த அம்மாவின் தோளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

வாங்க வந்தவர் விலகிவிட்டார். சின்ன அண்ணனுக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது, அது நியாயமும்கூட. அவருக்குப் பணம் உண்மையிலேயே தேவை, அவருக்கு நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் தவணைக் காலத்தை நீட்டித்துக் கேட்பது பற்றி இந்த வாரத்துக்குள் தனி இழை தொடங்குகிறேன். கணக்கன், அங்கே உங்கள் உதவி கட்டாயம் வேண்டும்.